கார்லைல் பையன்களின் வெற்றி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: 1912-ல் அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியையே தோற்கடித்தது கார்லைல் இந்தியப் பள்ளியின் (‘இந்தியர்’ என்றால் இங்கே அமெரிக்கப் பழங்குடிகள்) கால்பந்து அணி. ஜிம் தார்ப் என்ற மாபெரும் விளையாட்டு வீரரை உருவாக்கியதும் அந்தப் பள்ளிதானே? அதைக் கொடுமைக்கூடம் என்று எழுதுவது நியாயமா?

பதில்: நியாயம்தான். ஆடி ஜெயித்தவர்கள் பையன்கள். அந்தப் பெருமையைத் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

1879-ல் பென்சில்வேனியாவில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய பள்ளி அது. பழங்குடிப் பிள்ளைகளை ஊரிலிருந்து கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். ‘அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று’ என்று அதன் நிறுவனர் பிராட் 1892-ல் மேடையிலேயே பேசினார். வீடு திரும்பாமலே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு இடித்துத் தள்ளி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. 1911 நவம்பரில் ஹார்வர்டை 18–15 என்று ஜெயித்தார்கள். அடிபட்ட காலில் கட்டோடு இறங்கிய தார்ப், கம்பங்களுக்கு நடுவே நான்கு முறை பந்தை உதைத்து அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி; 18-ல் 12 அந்தக் காலிலிருந்தே வந்தது! அந்த சீசனில் அவர்கள் தோற்றது ஒரே ஆட்டம், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திடம், ஒரு புள்ளியில். மறு வருடம் வெஸ்ட் பாயின்ட்டில் ராணுவக் கல்லூரியை 27–6 என்று நொறுக்கினார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர் எதிரணியில் ஆடினார். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்று அப்போது 22 வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பையன்கள் எதை நினைத்து ஓடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

‘உருவாக்கிய’ பள்ளி தார்ப்பை எப்படி நடத்தியது? 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் அவர் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் கோடையில் கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்று 1913-ல் அவற்றைப் பறித்தார்கள் (பணத்துக்கு ஆடியவர்களுக்கு அப்போது ஒலிம்பிக்ஸில் இடமில்லை). அப்போது பள்ளிக் கண்காணிப்பாளரும் கோச் பாப் வார்னரும் ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்று கைகழுவினார்கள். 1953-ல் தார்ப் இறந்தார். 1982-ல்தான் பதக்கங்களைத் திருப்பித் தர ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுத்தது, அதுவும் இணை வெற்றியாளர் என்று மட்டும்; 1983-ல் அவை குடும்பத்துக்கு வந்தன. அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொள்ள 2022 ஆனது.

இன்னொன்று. 1914-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அந்தப் பள்ளியை விசாரித்தபோது, கால்பந்து வசூல் பணம் போன வழியும் விசாரணைக்கு வந்தது. வார்னருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் கஸ் வெல்ச்சும் ஒருவர். ராணுவக் கல்லூரியை ஜெயித்த அணியின் குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை நடத்துபவர்) அவர். பள்ளிக்கு நற்சான்றிதழ் தருவதற்கு முன் அவருடைய சாட்சியத்தையும் கேளுங்கள்.