வெற்றி யாருக்கு என்று முன்பே முடிவான மல்யுத்த மேசை விளையாட்டில் பகடை எதற்கு?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மல்யுத்த வீரராகப் பேசி நடித்து வளர்க்கும் கதையாட்டம் இது. 2015-இல் வந்த ‘வேர்ல்ட் வைட் ரெஸ்லிங்’கில் ஒருவர் மட்டும் நிகழ்ச்சியை நடத்துவார், யாருக்கு வெற்றி என்று முன்கூட்டியே குறித்துவைப்பவரும் அவரே. இரண்டு பகடையை உருட்டி, வீரரின் திறன் எண்ணையும் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், கூடவே ஒரு வில்லங்கமும் வரும். அதற்கும் கீழே சொதப்பல். எனக்குப் பிடித்ததே அதுதான், கதை அங்கேதான் சூடுபிடிக்கும்.

டிவியில் பார்க்கும் மல்யுத்தமே முடிவு எழுதிவைத்த ஆட்டம்தானே. கூட்டத்தை யார் கட்டிப்போடுவது என்பதில்தான் போட்டி, பகடையும் அதற்குத்தான். வில்லன் தோற்பான் என்று தெரிந்தும் ரஜினி படத்துக்கு முதல் நாளே போய் விசிலடிக்கிறோமே, அது மாதிரி.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் பகடையை உருட்டினால் பக்கத்து மேசை அங்கிள் முறைக்கலாம்: இது சூதாட்டம் இல்லை, காசு கட்டுவதே கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.