ஆச்சியின் நினைவு மலர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆச்சி சென்ற செப்டம்பரில் காலமானார். கோவில்பட்டிப் பக்கம், காமநாயக்கன்பட்டிக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த சிற்றூரில் பிறந்து, அங்கேயே உறவில் வாழ்க்கைப்பட்டவர். ஏழு பிள்ளைகள், பத்தொன்பது பேரப்பிள்ளைகள். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு ஒரு மலர் கொண்டுவர நினைக்கிறோம். நான் எழுதிய நான்கு பக்கங்களை இணைத்திருக்கிறேன். பக்தி மிக்கவர், பாசமானவர் என்பதற்கு மேல் எழுத்து நகரவில்லை. வயதிலேயே குழப்பம். ஆதாரில் 1.1.1931, ரேஷன் அட்டைப்படி பார்த்தால் 1935, பெரியப்பாவோ தொண்ணூற்றைந்துக்குக் குறையாது என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

அ. சூ., கோவை

அன்புள்ள அ. சூ.,

நான்கு பக்கங்களையும் படித்தேன். ஆச்சியின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஆச்சியின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். பக்தி என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் பங்குக் கோவில் பதிவேடு.

ஆதாரின் ஜனவரி 1 பெரும்பாலும் தேதி தெரியாதவர்களுக்குப் போடுவது. ரேஷன் அட்டை வயது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னது. ஞானஸ்நானப் பதிவேடு அப்படியல்ல. அந்தக் காலத்தில் பிறந்த சில நாள்களுக்குள் குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், அதனால் அந்தத் தேதியை நம்பலாம். ஊர் இன்று தனிப்பங்காக இருந்தால் அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை. ஆச்சி பிறந்தபோது எது தாய்ப்பங்கோ அங்கேதான் ஏடு இருக்கும். மறைமாவட்டம் மாறியதைக் கண்டு குழம்ப வேண்டாம். உங்கள் பகுதி 1938 வரை திருச்சி, பிறகு மதுரை, 1973 முதல் பாளையங்கோட்டை. ஆயர் மாறினாலும் ஏடு பொதுவாகப் பங்கை விட்டு நகர்வதில்லை.

தேடும்போது கை நழுவுவது பெயரில்தான். பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். வீட்டில் ராயப்பன் என்றவர் ஏட்டில் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ். ஆச்சியை வீட்டில் கூப்பிட்ட பெயர் ஏட்டில் இல்லாமலே போகலாம். ஆகவே தகப்பன், தாய், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொண்டு போங்கள். 1930 முதல் 1935 வரை ஆறு ஆண்டுகள் பார்க்கச் சொன்னால் போதும். சாமியாரோ அலுவலகத்தில் இருப்பவரோ பார்த்துச் சொல்லட்டும், மற்ற குடும்பங்களின் விஷயமும் அதே பக்கத்தில் இருக்கும்.

பதிவு கிடைத்ததும் ஓரக்குறிப்பைக் கேட்க மறக்காதீர்கள். உறுதிபூசுதலையும் திருமணத்தையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும் என்பது 1918இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம். அங்கிருந்து திருமணப் பதிவேட்டுக்குப் போகலாம். ஓலை வாசித்தது (கோவிலில் கல்யாணத்தை முன்கூட்டி அறிவித்தது), சாட்சிகள் இருவர் எல்லாம் அதில் இருக்கும். தாத்தா முறைமாப்பிள்ளை என்றால் விதிவிலக்கு பெற்ற குறிப்பும் இருக்க வேண்டும். மாமன் மகன், அத்தை மகள் கட்டிக்கொள்ளத் திருச்சபையின் அனுமதி தேவை. எந்த வழியில் உறவு என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லும்போது, தீர்த்துவைப்பது அந்த ஒரு வரிதான்.

ஏழு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கியது ஏழா, பெற்றது ஏழா? இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். அப்படிப் போன குழந்தை அடக்கப் பதிவில் மட்டும் இருக்கலாம், சில வேளை அதிலும் இராது. வயதான அத்தைமாரிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கிடைத்தால் மலரில் அந்தக் குழந்தைகளுக்கும் இடம் கொடுங்கள். ஆச்சி அவர்களை எண்ணாமல் இருந்திருக்க மாட்டார்.

இனி பக்திக்கு வருவோம். அதை எழுத வேண்டியது அவர் செய்ததை வைத்து. அவருடைய இளமையில் நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்கக் கூடாது. தண்ணீருக்கு அனுமதி வந்தது 1953இல். 1957இல் அது மூன்று மணி நேர உபவாசமானது, 1964இல் ஒரு மணி நேரம். ஆக, கல்யாணமான புதிதில் அவர் பூசைக்கு எத்தனை மைல் நடந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று விசாரித்தால் ஒரு பத்தி தானாக வந்துவிடும். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடும்வரை பூசை லத்தீனில். அவர் முப்பது வயதைத் தாண்டிய பிறகே பீடத்திலிருந்து தமிழ் கேட்டிருப்பார். அதுவரை பூசை நேரத்தில் பெண்கள் பகுதியில் பலர் செபமாலைதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒருசந்தியையும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பு) கேளுங்கள். 59 வயது முடிந்தால் அந்தக் கடமை இல்லை. 1966க்குப் பிறகு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாயம். எண்பத்தைந்திலும் தவக்கால வெள்ளி தோறும் ஒருசந்தி இருந்தார் என்றால் அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இப்படி ஒரு விவரம் நீங்கள் எழுதிய நான்கு பக்கத்துக்குச் சமம்.

வியாழக்கிழமைகளில் செபமாலையில் எந்த தேவ இரகசியம் சொன்னார்? 2002இல் ஒளியின் மறைபொருள்கள் சேர்ந்தபின் வியாழன் அதற்குப் போனது, அதற்கு முன் சந்தோஷ இரகசியம். கடைசிவரை பழையதையே பிடித்துக்கொண்டாரா, பேத்தி சொல்லிக்கொடுத்து மாற்றிக்கொண்டாரா? இரண்டுமே எழுதத் தக்கவை. மங்கள வார்த்தை செபத்தை ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றுதான் அவர் சொன்னார் என்றால் அச்சிலும் அப்படியே போடுங்கள். யாராவது ‘அருள் நிறைந்த மரியே’ என்று திருத்தி வைப்பார்கள், விடாதீர்கள்.

அச்சு விஷயம் சுருக்கமாக. நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். பதினாறு போதும். பழைய படங்களைச் செல்போனில் எடுத்தால் பளபளப்பு அடிக்கும், சட்டத்திலிருந்து கழற்றி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யலாம். பேரப்பிள்ளைகள் பட்டியலை அச்சுக்கு முன் ஏழு வீட்டுக்கும் அனுப்பிச் சரிபாருங்கள். விடுபட்ட ஒரு மருமகன் பெயர் கிளப்பும் சண்டை நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. செல் எண்கள் வேண்டாம்.

செப்டம்பருக்கு நாள் இருக்கிறது என்று பதிவேட்டு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். புனித வாரத்திலும், ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவை ஒட்டியும் காமநாயக்கன்பட்டியில் சாமியாரைப் பிடிப்பது கஷ்டம். கடிதம் எழுதி, நாள் கேட்டுக்கொண்டு போங்கள்.