பதில்: சுட்ட அன்னாசி கம்பியில் ஒட்டிக் கருகுகிறது
வெல்லப்பாகு தடவிச் சுட்டால் வெளியே கருகி, உள்ளே பச்சையாக நிற்கிறது என்கிறீர்கள். பாகை முதலிலேயே தடவுவதுதான் கோளாறு. சர்க்கரை 180 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசக்கும். கரியடுப்புக் கம்பி அதைவிடச் சூடு.

வளையங்களை 2 செ.மீ. கனத்தில் நறுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெயைப் பழத்தின்மேல் மெல்லிசாகத் தடவுங்கள் (வெண்ணெய் கருகும், நெய் பரவாயில்லை). கரியில் சாம்பல் பூத்தபின் பக்கத்துக்கு 3-4 நிமிடம் சுடுங்கள். ஒட்டினால் இழுக்காதீர்கள், கோடு விழுந்ததும் தானே விடும். பிறகு கரி இல்லாத ஓரத்துக்குத் தள்ளி, பாகு தடவி, மூடி போட்டு 2 நிமிடம்.

முன்பு கோழி சுட்ட கம்பியானால் சூட்டோடு தேய்த்துவிடுங்கள். அந்த வாடை பழத்தில் ஏறும். வாழைப்பழம் சுடுவதானால் நேந்திரன்தான். பூவன் குழைந்து கரியில் விழுந்துவிடும்.