தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போக மாட்டு டாக்டர் படிப்பு கட்டாயமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. விலங்குகளுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். சொந்தக்காரர்களோ, ‘மனுஷ டாக்டருக்கே படிக்கட்டும்’ என்கிறார்கள். இதற்குக் கால்நடை மருத்துவம் படித்தே ஆக வேண்டுமா? வேலை எப்படி இருக்கும்?

பதில்: படித்தே ஆக வேண்டும் என்றில்லை அம்மா. இரண்டு வழி உண்டு.

ஒன்று, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட் வளாகத்தில் ஆறு வருஷக் கால்நடை மருத்துவம். தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு இருப்பது அந்த ஒரே இடம்தான், அதனால் சீட் குதிரைக்கொம்பு. முடித்ததும் ஒரு வருஷம் கட்டாய சமூகப் பணி. வைரஸ் ஆராய்ச்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான். இன்னொன்று, நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ எடுத்து பி.எஸ்ஸி., ஆனர்ஸ், எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று போவது. வீட்டிலிருந்து வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்வந்தே தொடங்கலாம். மகள் முழுக் கணிதத்துக்குப் பதில் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய கணக்குப் பாடம் எடுத்திருந்தால் மட்டும் உடனே பள்ளியில் பேசுங்கள். இரண்டு வழிக்குமே கணிதமும் பௌதிக அறிவியலும் வேண்டும்.

மார்க் வந்தால் முதல் வழிதான் என் கட்சி. ஆய்வுக்கூட வேலை அமையாவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். இந்தத் துறையில் ஆய்வுக்கூடங்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை.

சரி, வேலை. க்ரேவில் ரேஸுக்குப் போகிற மாமா யாராவது வீட்டில் இருந்தால் ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பற்றிக் கேளுங்கள். கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று பரப்பும் வைரஸ் அது. நுரையீரலைத் தாக்கினால் மூக்கில் நுரை தள்ளும், குதிரை பிழைப்பது அபூர்வம். வைரஸில் ஒன்பது வகை. இங்கே போடும் தடுப்பூசி இரண்டு பாட்டிலாக வருகிறது, இடையில் குறைந்தது மூன்று வாரம் விட வேண்டும். இரண்டிலும் சேர்த்து ஏழு வகைதான். 5-ஆம் வகை குதிரைகளுக்குக் கடுமையான பக்கவிளைவு தந்ததால் எடுத்துவிட்டார்கள். 8-ஆம் வகை அதற்கும் ஓரளவு காவல். அதேபோல், இதில் சேராத 9-ஆம் வகைக்கு 6-ஆம் வகை காவல்.

இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அதில்தான் சிக்கல். 2014-இல் மேற்கு கேப்பில் வந்த நோய்ப்பரவலின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அது தடுப்பூசி வைரஸிலிருந்தே கிளம்பியது என்று தெரிந்தது. அதற்காகத் தடுப்பூசியை நிறுத்தினால் குதிரைகள் சாகும். உயிருள்ள வைரஸ் இல்லாமல் அதே காவலைத் தர முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அன்றாடம் பார்த்தால் குடுவையில் செல் வளர்ப்பது, வைரஸை விடுவது, சில நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. செல்கள் உருண்டு திரண்டு, பிடி விட்டு மிதக்கும். நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டைகளை எண்ணித்தான் வைரஸ் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். பொறுமை இல்லாதவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஒரு விஷயத்தை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். மனிதத் தடுப்பூசியில் பொதுவாகச் செய்ய முடியாததை நாங்கள் செய்கிறோம். ஊசி போட்ட விலங்குக்கும் போடாத விலங்குக்கும் நிஜ வைரஸையே கொடுத்துப் பார்ப்போம். போடாதது காய்ச்சலில் விழும். தினமும் பக்கத்தில் நின்று சூடு பார்த்து எழுத வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, வேதனை எல்லை மீறினால் கருணைக்கொலை என்று விதிகள் உண்டு. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. ‘எனக்கு மிருகம் என்றால் உயிர்’ என்பது மட்டுமே காரணமாக இருந்தால் இங்கேதான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு பதில்: 1908-இல் ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வகத்தைத் தொடங்கிய ஆர்னால்ட் தைலர் கால்நடை மருத்துவர். அவர் மகன், பிரிட்டோரியாவில் பிறந்த மேக்ஸ், மனிதர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கண்டு 1951-இல் நோபல் வாங்கினார். இரண்டு துறைக்கும் நடுவில் பெரிய சுவர் கிடையாது.

வருகிற லீவில் மகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவிக்கு அனுப்புங்கள். நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுவதோடு திரும்பிவிடாமல், செத்த மாட்டை அறுத்து நோய் பார்க்கும்போது கூட நிற்கவிடுவார்களா என்று அவளே கேட்கட்டும்.