படகு இறக்க முதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாசி மாதம் தனியாள் ஒருவரிடம் 16 அடி அலுமினியப் படகு, 40 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) என்ஜின், ட்ரெயிலர் மூன்றையும் சேர்த்து வாங்கினேன். "வின்ரறைஸ் செய்துதான் வைச்சிருக்கு, வைகாசியில அப்படியே தண்ணியில விடலாம்" என்றார். (வின்ரறைஸ் என்பது குளிரில் உறைந்து பழுதாகாதபடி தயார்ப்படுத்தி வைப்பது.) செய்ததற்கு ரசீது இல்லை. சிம்கோ ஏரியில் இறக்க முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (மார்க்கம் வாசகர்)

பதில்: ரசீது இல்லையென்றால் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆறுதல், இது அவுட்போர்ட். நிமிர்த்தி நிறுத்தியிருந்தால் குளிர்த்தும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். என்ஜினின் பிளாக் (உடற்பகுதி) வெடிக்கிற ஆபத்து குறைவு. பனி கடிக்கிற இடம் கீழேயுள்ள கியர்ப்பெட்டி. அங்கிருந்தே தொடங்குங்கள்.

கியர்ப்பெட்டியின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு ஸ்குறூ இருக்கும். அடியில் ஒரு தட்டை வைத்துக் கீழ் ஸ்குறூவை முதலில் கழற்றுங்கள், பிறகு மேலே உள்ளதை. முதலில் வருவது என்ன என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. தண்ணீர் ஒயிலைவிடப் பாரம் என்பதால் அடியில் நின்று முதலில் வரும். தெளிந்த தண்ணீர் வந்தால் அது குளிர்காலம் முழுக்க உள்ளே உறைந்து கிடந்திருக்கிறது. பெட்டியில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். பால்கோப்பி நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. விசிறியைக் கழற்றினால் அதன் பின்னால், தண்டில், தூண்டில் நைலோன் சுற்றிக் கிடப்பதைப் பெரும்பாலும் காணலாம். சீலை அறுப்பது அதுதான். ஸ்குறூ நுனியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழமையான தேய்மானம். விரலில் குத்துகிற உலோகத் துண்டென்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

புது ஒயிலை மேல் துளையால் ஊற்றாதீர்கள், காற்று அடைபட்டு அரைப் பெட்டிதான் நிரம்பும். கைப்பம்பைக் கீழ்த் துளையில் பொருத்தி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஒயில் வழியும்வரை ஏற்றுங்கள். மேல் ஸ்குறூவை முதலில் இறுக்கிவிட்டுப் பம்பைக் கழற்றினால், கீழ் ஸ்குறூவைப் போடும்வரை ஒயில் அதிகம் ஒழுகாது. இந்த அளவு என்ஜினுக்கு ஒரு லீற்றருக்குள் முடிந்துவிடும். இரண்டு ஸ்குறூவுக்கும் புது வாஷர் போடுங்கள். சில சதம் பெறுமதியான அந்த வாஷரை மிச்சம் பிடித்துத்தான் பலர் கியர்ப்பெட்டியில் தண்ணீர் விட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர். அது றப்பர் இதழ்கள் கொண்ட சில்லு. மாதக்கணக்காக ஒரே பக்கம் மடிந்து கிடந்து அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத படகில் இப்போதே மாற்றுங்கள். இம்பெல்லரை மட்டும் வாங்காமல் தகடும் கஸ்கெட்டும் சேர்ந்த செற்றாக வாங்குவதே கணக்குக்குச் சரி.

பிறகு வீட்டு வாசலிலேயே ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் றப்பர்க் கவ்விகளைப் பொருத்தி, குழாயைத் திறந்த பிறகே என்ஜினை எழுப்ப வேண்டும். "அஞ்சு செக்கன்தானே" என்று வறட்டில் எழுப்பினால் புது இம்பெல்லரும் கருகும். என்ஜினின் பின்பக்கச் சிறு துளையால் தண்ணீர் கம்பியாகப் பாய வேண்டும். பாயவில்லையா, உடனே நிறுத்தி அந்தத் துளையில் நைலோன் நரம்பை விட்டுக் குத்துங்கள். குளவியோ சிலந்தியோ வீடு கட்டி அடைத்திருப்பதும் உண்டு.

கேள்வி: தாங்கியில் போன வருடப் பெற்றோல் பாதி இருக்கிறது. ஸ்டெபிலைசர் ஊற்றினால் பாவிக்கலாமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: ஸ்டெபிலைசர் என்பது பெற்றோல் பழுதாகாமல் இருக்க இலையுதிர் காலத்தில் புதுப் பெற்றோலுக்கு ஊற்றும் மருந்து. பழுதானதை அது திருப்பித் தராது. எதனோல் கலந்த பெற்றோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து அடியில் தனியே படியும். எரிபொருளை இழுக்கும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அடியிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள். இரண்டு தட்டாகப் பிரிந்தாலோ, வார்னிஷ் மணம் அடித்தாலோ, நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். 10 மைக்ரோன் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பெற்றோல் குழாயிலுள்ள, கையால் அமுக்கும் றப்பர்ப் பந்தை அம்புக்குறி மேல்நோக்க நிமிர்த்திப் பிடித்து, கல்லாகும்வரை அமுக்குங்கள். சில நிமிடத்தில் தளர்ந்தால் எங்கோ கசிவு. வெடித்த குழாயைத் தேடுங்கள்.

கேள்வி: என்னுடையது உள்ளே என்ஜின் வைத்த படகு. ஸ்டார்ட்டர் போய்விட்டது. கார்ச் சாமான் கடையில் அதே அளவில் பாதி விலைக்கு இருக்கிறது. போடலாமா? (ஏஜக்ஸ் வாசகி)

பதில்: கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். படகின் அடியில் போய்த் தங்கும். கார் ஸ்டார்ட்டருக்குள் எழும் பொறி வெளியே வரலாம். படகுக்கென்று செய்தது அந்தப் பொறி ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்துக் கட்டப்பட்டது. விலை வித்தியாசம் அதற்குத்தான். ஆல்ட்டர்நேற்றருக்கும் இதே கதை. எழுப்ப முன், அந்த ஆவியை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விடுவது கனடாவில் சட்டம். இலையுதிர் காலத்தில் பிளாக்கிலிருந்து தண்ணீர் வடித்ததா என்று சந்தேகம் இருந்தால், ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், பிளாக்கின் பக்கங்களிலும் வெடிப்புத் தேடுங்கள்.

கேள்வி: மரீனாவில் "வசந்தகாலப் பொதி" என்று ஒரே தொகை சொல்கிறார்கள். அடிப்பூச்சு, அனோட், பற்றரி எல்லாம் அடக்கமாம். பெறுமதியா? (விற்பி வாசகர்)

பதில்: வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஓடி முடிந்ததும் ட்ரெயிலரில் ஏற்றிவிடும் படகுக்குப் பாசி தடுக்கும் அடிப்பூச்சு வீண் செலவு. அனோட் (மற்ற உலோகம் அரிக்காதபடி தான் கரையும் உலோகக் கட்டி) பாதி கரைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் நன்னீர் ஏரிக்கு மக்னீசியம். கடலுக்கான துத்தநாகம் நன்னீரில் வேலை செய்யாது, அதன்மேல் மாப்போல ஒரு படை கட்டிவிடும். பற்றரியைச் சார்ஜ் செய்து சில மணி நேரம் ஆறவிட்டு அளவுங்கள்: 12.6 வோல்ட் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். என்ஜினைச் சுழற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் புதுசு வாங்குங்கள். மாற்றிய பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்கவும் தயங்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், நீங்கள் சம்மதிக்காமல் அதற்குமேல் 10 வீதத்தைத் தாண்டி வசூலிக்க ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் விடாது. மார்க்கம் வாசகருக்கும் ஒரு சொல்: அந்தச் சட்டம் கடைக்காரரைத்தான் கட்டும், தனியாளிடம் வாங்கியதற்குப் பொருந்தாது.

கேள்வி: வீட்டிலிருந்து ஏரிக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். ட்ரெயிலரில் எதைப் பார்க்க? (பிரம்ப்டன் வாசகர்)

பதில்: சில்லைத் தூக்கிச் சுற்றுங்கள். உறுமினாலோ, மேலும் கீழும் ஆட்டும்போது அசைந்தாலோ பெயாரிங் முடிந்தது. ரயரின் பக்கத்திலுள்ள நாலு இலக்கத்தில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். பூ நன்றாக இருந்தாலும் வயது பாருங்கள். இறங்குதுறையில் வந்த வேகத்தில் தண்ணீருக்குள் பின்னடிக்காதீர்கள். சூடான ஹப் (சில்லின் நடுக் குடம்) குளிர்ந்த தண்ணீரில் அமிழும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கிச் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். கால் மணி நேரம் ஆற விடுங்கள், லைற் வயரையும் கழற்றுங்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில் தண்ணீர் வடியும் பிளக்கைப் போடுங்கள். ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பரவாமலிருக்க, 2022 தை (ஜனவரி) 1 முதல் ஒன்ராறியோவில் படகை வீதியில் இழுத்துப் போகும்போது பிளக்கைக் கழற்றியே வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் அது கழற்றித்தான் இருக்கும். கழற்றியதும் என்ஜின் திறப்புக் கோர்வையிலேயே அதை மாட்டிவிடுங்கள், திறப்பைத் தேடும்போது பிளக்கும் கையில் வரும்.