வேகமான மடிக்கணினியும் மகளின் பாடப்பிரிவும்

அன்புள்ள ஐயா,

மகளுக்கு விலை கூடிய மடிக்கணினி வாங்க வேண்டுமா என்றும், ஆண்டுதோறும் வேகம் கூடுவதாக விளம்பரம் வந்தும் வீட்டில் அது தெரியாதபோது இந்தத் துறையை நம்பிக் கணினிப் பொறியியலில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த வேகம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லுதான் பிராசசர். இன்டெல்லின் பென்டியம் 4 பிராசசர் 2004-இலேயே 3.8 கிகாஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 380 கோடி சுழற்சிகளை, தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஏற்றினால் சில்லின் சூட்டைத் தணிக்க முடியாது என்ற நிலை வந்ததால், ஒரே சில்லில் தனித்தனியாகக் கணக்குப் போடும் பல பகுதிகளை (கோர்களை) வைக்கத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்தாக வேண்டும் என்றால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த கணக்கு இது. போதாக்குறைக்கு, தற்காலிக நினைவகமான ராமிலிருந்து ஒரு தரவு வந்துசேர்வதற்குள் பிராசசரின் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் வீணாகக் கழிகின்றன. மிச்சமிருக்கும் வேகத்தையும் மென்பொருள் விழுங்கிவிடுகிறது என்று கணினி அறிவியலாளர் நிக்லாஸ் விர்த் 1995-இலேயே குறைபட்டுக்கொண்டார். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில், அதைவிட வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்.எஸ்.டி.யை மாற்றினால் கண்கூடாகத் தெரியும் வித்தியாசம், பிராசசரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே 16 ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள நடுத்தர விலை மடிக்கணினியே மகளுக்குப் போதும்.

துறையின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை, எனக்கு இதில் கவலையைவிட நம்பிக்கையே அதிகம். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றின்படி, வரிசைக்கு 4096 எண்கள் வீதம் 4096 வரிசைகள் கொண்ட இரு எண் அட்டவணைகளை (அணிகளை) பெருக்க, பைத்தான் மொழியில் எளிமையாக எழுதிய நிரல் ஏறத்தாழ 7 மணி நேரம் எடுத்துக்கொண்டது; கோர்களையும் நினைவகத்தையும் அறிந்து சி மொழியில் திருத்தி எழுதியபோது, அதே கணினி அரை நொடிக்குள் முடித்துவிட்டது. சில்லு தானாகத் தந்துவந்த வேகம் குறையும்போது, இப்படி எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

எனவே கலந்தாய்வில் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரை மட்டும் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் (இன்று பல பெற்றோர் அதைத்தான் செய்கிறார்கள்). கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், கம்பைலர் (நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்), அல்காரிதம் ஆகியவை பாடத்திட்டத்தில் அழுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வன்பொருளில் ஆர்வமிருந்தால் ஈ.சி.இ.யும் (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) நல்ல வழிதான். ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையிலான 'சக்தி' பிராசசர் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே உருவானது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தன்னாட்சி பெறாதவற்றுக்குப் பாடத்திட்டம் ஒன்றே என்பதால், அங்கே இப்பாடங்களை யார் நடத்துகிறார், ஆய்வகத்தில் மாணவர்கள் தாமே நிரல் எழுதுகிறார்களா என்று மூன்றாமாண்டு மாணவர்களிடம் விசாரியுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் உள்ள என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணினிக் கட்டமைப்பு விரிவுரைகளில் சிலவற்றை மகள் கேட்டுப் பார்க்கட்டும்.