எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) எத்தனை நொடியில் விழ வேண்டும்? – கேள்வி பதில்

ஐ.டி.ஐ. மாணவர்: ஐயா, எர்த் பழுது (மின்கம்பி கருவியின் உலோக உடலைத் தொட்டுவிடுவது) ஏற்பட்டால் 0.4 நொடியில் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என்று ஓரிடத்திலும் 5 நொடி என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரிதான், தம்பி. இடம்தான் வேறு. ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச மின் தரநிலையின்படி, மின்மாற்றியிலிருந்தே எர்த் கம்பியும் சேர்ந்து வரும் அமைப்பில், 230 வோல்ட் பிளக் பாயின்ட்டுகளுக்கு 0.4 நொடி. மெயின் போர்டிலிருந்து கிளைப் போர்டுக்குப் போகும் கம்பிக்கு 5 நொடி. அதை யாரும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

வீட்டுக்கென்று தனி எர்த் குழி மட்டும் இருந்தால் கணக்கு கடுமையாகிறது: பிளக் பாயின்ட்டுக்கு 0.2 நொடி, கிளைப் போர்டுக் கம்பிக்கு 1 நொடி. முதல் அமைப்பில் பழுதான கருவியின் உலோக உடலில் ஏறத்தாழப் பாதி வோல்டேஜ்தான் நிற்கும். குழியை மட்டும் நம்பும் வீட்டிலோ, மண்ணின் தடை அதிகம் என்பதால் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் அங்கே நிற்கும். இதயத்தின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 0.8 நொடி. ஷாக் அதையும் தாண்டி நீடித்தால், குறைந்த மின்னோட்டமே இதயத்தின் தாளத்தைக் குலைத்துவிடும்.

இல்லத்தரசி, தேனி: வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எர்த் குழி இருக்கிறது, 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் இருக்கிறது. ஏன் விழவில்லை? எம்.சி.பி. கெட்டுவிட்டதா?

முதலில் அந்த மெஷினின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அம்மா. எம்.சி.பி. நன்றாகவே இருக்கலாம், அதை விழவைக்கும் அளவுக்கு மின்னோட்டம் ஓடவில்லை.

உங்கள் குழியின் தடை 20 ஓம், மின்மாற்றியின் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 22ஆல் வகுத்தால் 10 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது அன்றாடச் சுமை. நாள் முழுக்கச் சுமந்துகொண்டு நிற்கும். அதே நேரத்தில் மெஷின் உடலில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உறுதியாக உடனே விழ அதன் ஐந்து மடங்கு, அதாவது 80 ஆம்பியர் வேண்டும். அதற்கு மொத்தத் தடை 2.9 ஓமுக்குள் அடங்க வேண்டும். உப்பும் கரியும் கொட்டி, தினமும் தண்ணீர் ஊற்றினாலும் ஒற்றைக் குழியில் அதை எட்டுவது மிகக் கடினம்.

உங்களுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே அது பார்க்கும். 150 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 40 மில்லி நொடிக்குள் அது துண்டிக்க வேண்டும். உங்கள் வீட்டில் கசிவதோ 10 ஆம்பியர். எம்.சி.பி.யை எடுத்துவிட வேண்டாம். ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பார்த்துக்கொள்வது அதுதான்.

அடுக்குமாடிவாசி, கோவை: ஏ.சி. கிளம்பும்போது பி-16 (பி வகை 16 ஆம்பியர்) எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் சி-16 போட்டார், தொல்லை தீர்ந்தது. சரிதானே, சார்?

லூப் தடையை, அதாவது பழுது மின்னோட்டம் சுற்றிவரும் பாதையின் மொத்தத் தடையை, அளந்தாரா என்று கேளுங்கள். சி வகை தன் ஆம்பியர் அளவின் ஐந்து முதல் பத்து மடங்குக்குள் உடனே விழும். ஆகவே உறுதியாக விழ 160 ஆம்பியர் வேண்டும், தடை 1.44 ஓமுக்குள் இருக்க வேண்டும். உங்கள் பிளாட்டில் 2 ஓம் இருந்தால் பழுதில் 115 ஆம்பியர் ஓடும். பி-16 அந்தக் கணமே விழுந்துவிடும். சி-16 விழவும் செய்யலாம், உள்ளே இருக்கும் தகடு சூடாகும்வரை பல நொடிகள் நிற்கவும் செய்யலாம். ஏ.சி.க்குச் சி வகை பொருத்தமானதே. அளக்காமல் மாற்றியதுதான் தவறு.

விவசாயி: பியூஸ் அடிக்கடி போகிறது என்று கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருக்கிறேன்.

இன்றே எடுத்துவிடுங்கள், அண்ணா. இப்போது அந்தப் பியூஸுக்கு முன்னால் வயர்தான் உருகும்.

வாசகர், நாகர்கோவில்: மழை பெய்தாலே ஆர்.சி.சி.பி. விழுகிறது. கழற்றிவிடலாம் என்கிறார்கள்.

கூடவே கூடாது. எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்று அது சொல்கிறது. வாசல் விளக்கு, மொட்டைமாடி சுவிட்ச், மோட்டார் ஒயர் என்று வெளியில் இருப்பவற்றை முதலில் பாருங்கள். எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்தும் பிடிபடவில்லை என்றால், நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றைத் துருவ எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காது, எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

அதே வாசகர்: டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. அது போதுமா?

மாதம் ஒருமுறை அழுத்துங்கள், நல்லது. ஆனால் அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. உங்கள் எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அது வேலை செய்யும். நேரத்தையும் அளக்காது. ஆர்.சி.டி. டெஸ்டர் (ஆர்.சி.சி.பி.யைச் சோதிக்கும் கருவி) வைத்திருப்பவரை அழையுங்கள். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி நொடிக்குள், 150இல் 40 மில்லி நொடிக்குள் விழுகிறதா என்று அவர் அளந்து காட்டுவார்.